ஒரே காற்று, இரண்டு கரை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்து காவல்கிணறு தாண்டியதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சற்று இறுக்கிப் பிடிப்பார். ஆனி, ஆடியில் அந்த இடத்துக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் ஒரு நிமிடம் நிற்கும். காசு போடுகிறவர்கள் போடுவார்கள். கோயிலைச் சுற்றியும், ரோட்டின் இரு பக்கமும், மலையடிவாரம் வரைக்கும் காத்தாடிகள். நாம் காற்றாலை என்று எழுதுகிறோம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, காத்தாடிதான்.

ஐந்து நிமிடம் இறங்கி நின்று பார்த்தால் அவை பல தலைமுறைகளின் கூட்டம் என்று தெரியும். மின்கம்பிக் கோபுரம் மாதிரி கம்பிச் சட்டத்தில் ஏறி நிற்கும் பழையவை உண்டு. குட்டை இறக்கை, படபடவென்று சுற்றும். அவற்றின் தலைக்கு மேலே, வெள்ளைக் குழாய்த் தூணில் புதியவை நிதானமாகச் சுழல்கின்றன. நடுநடுவே ஓடாதவையும் நிற்கின்றன. பேருந்துக்குள் வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியே செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் தலையைத் தூக்குவதே இல்லை. தமிழ் சினிமாவில் எத்தனையோ பாட்டுக்கும் சண்டைக்கும் பின்னணியாக நின்ற இடம் இது.

இதே தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கையின் மன்னார்த் தீவிலும் வீசுகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். அங்கும் தமிழ் பேசும் ஊர்கள், பனை, மீன்பிடி வாடி. அங்கும் காற்றாலை உண்டு. ஆனால் 2025 ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து மன்னார் நகரில் மக்கள் வாரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து, புதிய காற்றாலை ஒன்றும் தீவுக்குள் வரக்கூடாது என்று போராடினார்கள். உதிரிபாகம் ஏற்றி வந்த லாரிகளை மறித்தார்கள். ஒரே காற்று, ஒரே மொழி, கிட்டத்தட்ட ஒரே இயந்திரம். ஒரு கரையில் அது கண்ணுக்குப் பழகிய மரம் போல, மறு கரையில் வாசலில் வந்து நிற்கும் எதிரி போல. ஏன்?

இந்த மாதிரிக் கேள்விக்கு உலகெங்கும் அதிகாரிகளும் கம்பெனிகளும் நெடுங்காலமாக வைத்திருந்த பதில் ஒன்றுதான்: ஜனங்களுக்கு மின்சாரம் வேண்டும், ஆனால் தங்கள் கொல்லைப்புறத்தில் மட்டும் வேண்டாம், எல்லாம் சுயநலம். சௌகரியமான விளக்கம். எதிர்ப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும் வேலை மிச்சம். நெதர்லாந்தின் மார்டன் வோல்சிங்க் இந்த விளக்கத்தைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து மறுத்தவர். திட்டம் பேச்சளவில் இருக்கும்போது ஆதரவு அதிகம். நம் ஊரில்தான் என்று அறிவித்ததும் சரியும். கட்டி முடித்து ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில் மறுபடி ஏறும். இப்படி ஒரு வளைவை அவர் காட்டினார். அதைவிட முக்கியமாக, ஊரார் எதிர்ப்பில் சுயநலத்தைவிடப் பெரிய பங்கு நியாயம் பற்றிய கேள்விக்கு உண்டு என்றார்: யார் முடிவெடுத்தார்கள், எங்களைக் கேட்டார்களா?

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் காற்றாலைகளுக்கு எட்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருக்கும் 1,705 பேரைக் கேட்டு நடத்திய ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. மொத்தத்தில் எதிர்மறையாகச் சொன்னவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. சுமார் 800 மீட்டருக்குள் இருப்பவர்களில் அது 25 விழுக்காடு. பக்கத்தில் போகப் போக வெறுப்பு கூடுகிறது என்பது உண்மைதான். அங்கேகூட நான்கில் மூன்று பேர் வெறுக்கவில்லை. திட்டமிட்ட விதம் நியாயமாக இருந்தது என்று நினைத்தவர்களுக்கு இயந்திரமும் உறுத்தவில்லை.

சத்தத்தைப் பற்றிய டச்சு ஆய்வு இதைவிடச் சுவையானது. 2009இல் வெளிவந்தது, 725 பேரிடம் கேட்டது. காற்றாலையால் வருமானம் பெறுகிறவர்கள், அதாவது நிலத்தை வாடகைக்கு விட்டவர்கள், பங்கு வைத்திருப்பவர்கள், மற்றவர்களைவிட இயந்திரத்துக்கு அருகில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும் சத்தமும் அதிகம். ஆனால் தொந்தரவு என்று சொன்னவர்கள் அவர்களில் ஏறக்குறைய யாருமில்லை. சத்தத்தை அளக்க மீட்டர் இருக்கிறது, எரிச்சலை அளக்க வங்கிப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை ஏளனமாக வாசிக்கக்கூடாது. சொந்த வீட்டுக் கிரைண்டர் ஓடும்போது தூங்குகிற நமக்குப் பக்கத்து வீட்டுக் கிரைண்டர் ஓடினால் தூக்கம் வருவதில்லை.

முப்பந்தலை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு உலகத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு: கலிஃபோர்னியாவின் சான் கோர்கோனியோ கணவாய். இரு புறமும் மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகள். கடற்காற்று அந்த இடுக்கில் நெருக்கிப் பிழியப்பட்டு அந்தப் பக்கத்துப் பாலைவனத்தை நோக்கி ஓடுகிறது. 1980களில் வரிச்சலுகை கிடைத்ததும் அங்கே ஆயிரக்கணக்கில் இயந்திரங்களை நட்டார்கள். மின்சாரம் வருகிறதோ இல்லையோ, வரி மிச்சமானது. பல இயந்திரங்கள் பழுதாகி நின்றன. அருகிலிருந்த பாம் ஸ்பிரிங்ஸ், பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் ஊர், பாலைவனக் காட்சி பாழாயிற்று என்று வழக்குப் போட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே நகராட்சி காற்றாலை நிலங்களைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டு வரி வசூலித்தது. இன்று அங்கே காற்றாலைகளைச் சுற்றிக்காட்டும் சுற்றுலா நடக்கிறது. இந்த மாற்றத்தைத் தொடர்ந்து எழுதிவரும் புவியியலாளர் மார்ட்டின் பாஸ்குவாலெட்டி போன்றவர்கள் கண்ட ஒரு விஷயம் நம் ஊருக்கும் பொருந்தும்: ஜனங்களை அதிகம் எரிச்சலூட்டியது சுற்றும் காத்தாடி அல்ல, காற்றடிக்கும்போதும் சுற்றாமல் நிற்கும் காத்தாடி. வேலை செய்கிற இயந்திரத்தைக் கண் மன்னிக்கிறது.

நம் பக்கமும் 1990களில் முதலாண்டே 100 விழுக்காடு தேய்மானம் காட்டலாம் என்ற வருமான வரிச்சலுகைதான் பஞ்சாலை முதலாளிகளை முப்பந்தலுக்கு இழுத்து வந்தது. அந்த அவசரத்தில் நட்டவற்றில் சோடையும் உண்டு. ஆனால் பாம் ஸ்பிரிங்ஸ் போல யாரும் வழக்குப் போடவில்லை. பாலைவனக் காட்சிக்கு விலை வைத்து வாழும் ஊர் அல்ல இது; மானாவாரிப் புஞ்சை.

டென்மார்க்கின் கதை நேர் எதிர்த்திசையில் போகிறது. அங்கே அன்பு முதலில், வெறுப்பு பிறகு. 1978இல் உல்ஃப்போர்க் அருகே துவிண்ட் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கூடி, தாங்களே ஒரு 2 மெகாவாட் காற்றாலையைக் கட்டி எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது அதுதான். 1980களில் ஊருக்கு ஊர் கூட்டுறவு அமைத்துக் காற்றாலை வாங்கினார்கள். பங்கு வாங்க அந்தப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்குதாரர்கள் ஆயின. 2000இல் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடில்குருண்டன் காற்றாலைகள் எழுந்தபோது, முதலில் 27 இயந்திரங்களை மூன்று வரிசையில் நடுவதாகத் திட்டம். பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகு அது 20ஆகக் குறைந்தது. ஒரே வில் போன்ற வளைவில் நின்றது. பாதியை ஒரு கூட்டுறவு வைத்திருக்கிறது, எட்டாயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்களோடு. தலைநகரின் கண்ணெதிரில் நிற்கும் இயந்திரங்களை அந்த ஊர்க்காரர்கள் தங்களுடையவை என்று காட்டுகிறார்கள். பாதி நிஜமாகவே அவர்களுடையவை.

பிறகு இயந்திரம் பெரிதாயிற்று, விலை ஏறியது, குடியிருப்பு விதி தளர்ந்தது. ஊர்க் கூட்டுறவுகள் இருந்த இடத்துக்குப் பெருமுதலாளிகள் வந்தார்கள். அதே டேனிஷ்காரர்கள் எதிர்ப்புச் சங்கம் வைக்கத் தொடங்கினார்கள். 2011இல் ஓஸ்டரில்ட் என்ற இடத்தில் காற்றாலைச் சோதனை மையத்துக்காகக் காட்டை வெட்டப் போனபோது மரத்தின் மேலேறி உட்கார்ந்து மறித்தவர்களும் டேனிஷ்காரர்கள்தான். அரசுக்கு விஷயம் புரிந்திருந்தது. 2009இல் அமலுக்கு வந்த சட்டம், புதிய காற்றாலை கட்டுகிறவர் குறைந்தது 20 விழுக்காடு பங்கை 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும் என்றும், வீட்டின் மதிப்பு குறைந்தால் ஈடு தர வேண்டும் என்றும் சொன்னது. கைநழுவியதைச் சட்டம் போட்டு மீட்கப் பார்த்தார்கள். முழுக்க மீளவில்லை. பங்கு வேறு, ஊரே கூடி எழுப்பியது வேறு.

இனி மன்னாருக்கு வருவோம்.

தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்ற பெயரில் இலங்கை மின்சார சபை கட்டிய காற்றாலைப் பூங்கா 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். 30 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட். இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் நட்ட முதல் 55 கிலோவாட் டேனிஷ் இயந்திரங்களின் இறக்கை வட்டம் பதினைந்து பதினாறு மீட்டர்தான். முப்பந்தல்காரர் கண்ணுக்கு முப்பது நாற்பது ஆண்டு அவகாசம் கிடைத்தது. குட்டிக் காத்தாடியிலிருந்து படிப்படியாகப் பழகியது. மன்னார்க்காரருக்கு ராட்சதன்தான் முதல் அறிமுகம். அதுவும் கடல்மட்டத்தை ஒட்டிய, இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள, ஒடுங்கிய ஒரு மணல் தீவில். எங்கே திரும்பினாலும் அது தெரியும்.

முதல் முப்பதும் வந்தபோது இவ்வளவு பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை. அவை ஓடத் தொடங்கிய பிறகுதான் பேச்சு மாறியது. வோல்சிங்க்கின் வளைவுப்படி இந்தக் கட்டத்தில் ஆதரவு ஏறியிருக்க வேண்டும். இங்கே இறங்கியது. காரணத்தை மன்னார்க்காரர்களே சொல்கிறார்கள். இயந்திரங்களுக்குப் போக மேடாக்கிப் போட்ட பாதைகள் அணை போல நின்று, மாரிக்காலத் தண்ணீர் கடலுக்கு வடியாமல் குடியிருப்பில் தேங்குகிறது என்கிறார்கள். கரைவலை இழுப்பவர்கள், கரையோரம் மீன் வருவது குறைந்துவிட்டது என்கிறார்கள். பனைகள் போயின. வான்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் பாதை தீவின் மேலேதான் போகிறது. பூநாரைகள் வந்து நிற்கும் தண்ணீர் அது. பறவை ஆர்வலர்களும் வழக்குக்குப் போனார்கள்.

இதற்கு மேல், இந்தியாவின் அதானி நிறுவனத்துக்குக் கொடுத்த காற்றாலைத் திட்ட விவகாரம். மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட். மன்னாரில் மட்டும் 52 இயந்திரங்கள். போட்டி டெண்டர் இல்லாமல் கொடுத்தது. 2022 ஜூனில் மின்சார சபையின் தலைவர் நாடாளுமன்றக் குழு முன்னால், இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருப்பதாக இலங்கை ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்றார்; பிறகு அதைத் திரும்பப் பெற்றுப் பதவி விலகினார். 2024இல் ஒப்புக்கொண்ட விலை ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட். மன்னாரிலேயே போட்டி டெண்டரில் ஓர் இலங்கைக் கம்பெனி 50 மெகாவாட்டுக்குக் கேட்ட விலை 4.65 சென்ட். சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். இலங்கையின் புதிய அரசு விலையை மறுபடி பேச வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது.

கதை அதோடு முடிந்திருந்தால், இது பறவைக்கும் விலைக்குமான சண்டை என்று எழுதிவிடலாம். ஆனால் ஆகஸ்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்தது அந்த மலிவான, உள்நாட்டு, டெண்டர் போட்டு எடுத்த திட்டங்களுக்கு எதிராக. கூடவே கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக. நம் ஊரில் தாது மணல் என்போமே, அதே இல்மனைட்தான். ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தீவெங்கும் துளையிட்டுப் பார்த்திருக்கிறது. மன்னாரில் கேட்டால் காற்றாலையையும் மணலையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். மேலே காற்றை எடுக்கிறார்கள், கீழே மணலை எடுக்கிறார்கள். நடுவில் இருக்கிற எங்களை என்ன செய்வதாக உத்தேசம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி மக்கள் தங்கள் தீவைவிட்டுப் போனார்கள். தமிழர்கள் போரில் எத்தனை தரம் இடம்பெயர்ந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அக்கரைக்குத் தோணியேறி மண்டபம் முகாமில் இருந்தவர்கள் எவ்வளவோ பேர். போர் முடிந்து திரும்பி வந்து, காணிக்கு உறுதி தேடி, வேலி போட்டு, தென்னம்பிள்ளை வைத்து நிமிர்ந்தால், கொழும்பில் தீர்மானித்த ஒன்று வந்து நிற்கிறது. போராட்டத்தில் பாதிரியார்களும் முஸ்லிம்களும் மீனவச் சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்தது, நிலத்தை ஒரு தரம் இழந்தவர்களின் ஒற்றுமை என்றே நான் வாசிக்கிறேன். 2025 செப்டம்பர் 26 இரவு போலீஸ் தடியடி நடத்தி வாகனங்களை உள்ளே கொண்டுபோனது. 29ஆம் தேதி மாவட்டம் முழுக்க ஹர்த்தால். காற்றாலை வேண்டாம் என்று சொல்லவில்லை, தீவுக்குள் வேண்டாம், பெருநிலத்தில் வையுங்கள் என்று அவர்களில் பலர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். செய்தியில் அது 'காற்றாலை எதிர்ப்பு' என்று சுருங்கிப்போனது.

நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் சாமி என்ற பழங்குடி மக்கள் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. அவர்கள் கலைமான் மேய்ப்பவர்கள். மான்கள் குளிர்கால மேய்ச்சலுக்கு வரும் இடத்தில் 151 இயந்திரங்கள். 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் ஒருமனதாக, உரிமம் கொடுத்தது சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது, செல்லாது என்றார்கள். இயந்திரங்கள் தொடர்ந்து சுற்றின. ஐந்நூறு நாள் கழித்து சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்தபோது கிரேட்டா துன்பெர்க்கும் கூட உட்கார்ந்தார். பருவநிலைக்காகப் பள்ளியைப் புறக்கணித்த பெண் காற்றாலைக்கு எதிராகவா என்று ஐரோப்பாவில் பலர் குழம்பினார்கள். குழம்ப ஒன்றுமில்லை.

எல்லா எதிர்ப்பும் சரியான காரணத்தோடு வரும் என்று சொல்ல மாட்டேன். வறட்சி ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தின் சாங்லி, சாத்தாரா பக்கத்து விவசாயிகள், காத்தாடி மேகத்தை விரட்டுகிறது, அதனால்தான் மழை இல்லை என்றார்கள். இறக்கை எட்டுவது நிலத்திலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர். மழை மேகத்தின் வேலை அதற்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறது. அறிவியலாகப் பார்த்தால் அது தவறு, சந்தேகமில்லை. ஆனால் தண்ணீரில்லாத ஊரின் குன்றில் யாருடையதோ ஓர் இயந்திரம் எந்நேரமும் சுற்றி எங்கேயோ பணம் சேர்க்கிறது என்ற கணக்கில் அந்த விவசாயி தப்புச் செய்யவில்லை. பிழையான வதந்தியைத் திருத்த விஞ்ஞானியை அனுப்பலாம். கணக்கைத் திருத்த வேறு ஆளை அனுப்ப வேண்டும்.

அப்படியானால் முப்பந்தல் ஏன் அமைதியாக இருக்கிறது? இங்கும் யாரும் ஊரைக் கேட்கவில்லையே. என் விடை, ஒரு பகுதி தற்செயல். நிலம் பட்டா நிலம். விற்றவர் கையெழுத்துப் போட்டு விற்றார், விலை குறைவென்று பின்னால் வருந்தினாலும். ஒன்றொன்றாக, சிறிது சிறிதாக வந்தது. வாட்ச்மேன் வேலை, ஜீப் ஓட்டும் வேலை, டெக்னீஷியன் வேலை உள்ளூர்ப் பையன்களுக்குக் கிடைத்தது. நிலத்தை இழந்த பழைய காயம் எதையும் அந்த இயந்திரம் கீறவில்லை. ஆனால் எதிர்ப்பு இல்லாததை ஒப்புதல் என்று படிப்பது ஆபத்து. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊர்களில், ஓடையை மறித்துக் காத்தாடிக் கம்பெனி பாதை போட்டுவிட்டது என்று விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பது செய்தித்தாள்களின் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வரும். மேடாக்கிய பாதை, வடியாத தண்ணீர்: மன்னாரில் முதலில் கேட்டதும் இதுதான்.

தமிழ்நாட்டில் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே ஒரு காற்றாலைப் பண்ணைக்காக ஊரைக் கூட்டிப் பொதுவிசாரணை நடத்த வேண்டிய கட்டாயம் இங்கே எவருக்கும் இல்லை. 2024இல் மாநில அரசு பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவை நட ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல கொள்கை, காற்று மிகுந்த இடங்களையெல்லாம் வலுக்குறைந்த பழைய இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அது நடந்தால், கம்பிச் சட்டத்துக் குட்டிக் காத்தாடிகள் போய் மன்னாரில் நிற்பதைப் போன்றவை, அதைவிடப் பெரியவை, ஆரல்வாய்மொழியில் எழும். பாதைகள் அகலமாகும், புதிய மேடுகள் வரும். கண் பழக முப்பது ஆண்டு அவகாசம் இந்த முறை இருக்காது.

ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. காற்றுப் பருவம் முடியாத நாள் அது. ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, கயத்தாறு பக்கத்துக் கூட்டங்களில் மைக்கில் பேசுகிறவர் குரல் காற்றில் பாதி போய்விடும். எத்தனை இயந்திரம் வரப்போகிறது, எந்த ஓடையை எந்தப் பாதை கடக்கும், ஊருக்கு எத்தனை பங்கு என்ற மூன்றையும் தமிழில் எழுதி, அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் அரசு சேர்க்க வேண்டும். லாரிகள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கிளம்புவதற்கு முன்னால் சேர்க்க வேண்டும்.